கனவைச் சொல்ல ஓர் ஆள்

கோவலன் கைப்பிடித்து ஒரு பெரிய ஊருக்கு அழைத்துப் போகிறான். அங்கே இல்லாத பழி ஒன்று வந்து விழுகிறது. அவனுக்குக் கேடு நேர்கிறது. அவள் அரசன் முன்னால் போய் நின்று வழக்காடுகிறாள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கண்ட இந்தக் கனவை முதலில் கேட்டவள் தோழி தேவந்தி. கணவனைப் பிரிந்து, கோயில்களே கதியென்று வாழ்ந்தவள் அவள். கேட்ட மாத்திரத்தில் பரிகாரம் சொல்கிறாள்: முற்பிறப்பில் ஒரு நோன்பு தவறிவிட்டது, சோமகுண்டம், சூரியகுண்டம் இரண்டிலும் மூழ்கிக் காமவேளைக் கும்பிட்டால் சரியாகிவிடும். அது தனக்குப் பெருமையில்லை என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அந்த நேரம் பார்த்துக் கோவலன் வாசலுக்கு வந்துவிட, கனவைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோகிறது.

நம் வீடுகளில் இன்றைக்கும் இதுதான் நடக்கிறது. ‘ராத்திரி கெட்ட கனவும்மா’ என்று மகள் ஆரம்பித்தால், முடிக்கும் முன்பே ‘திருநீறு பூசிக்கிட்டுப் படு’ என்போம். கொஞ்சம் பெரிய கனவென்றால் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடி எடுப்பதாக ஒரு வேண்டுதல். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் கனவை யாரும் முழுதாகக் கேட்பதில்லை.

முழுதாகக் கேட்பதற்கென்றே ஓர் இடம் தமிழ் மண்ணில் உருவானது, மட்டக்களப்பில். ஈழப்போரின் நடுவே, 1996-இல், கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் யேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். கொலையையும் இடப்பெயர்வையும் பார்த்த பிள்ளைகள், தமிழ் ஊர்களிலிருந்தும் முஸ்லிம் ஊர்களிலிருந்தும், சேர்ந்தே வந்தார்கள். ஒருவர் ஊரை இன்னொருவர் அஞ்சிய காலம் அது. ‘உனக்கு என்ன நடந்தது?’ என்ற கேள்வியோடு அங்கே எதுவும் தொடங்கவில்லை. களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள், பிராணிகளைப் பராமரித்தார்கள். ராத்திரியில் வந்து பயமுறுத்தியது பகலில் பிள்ளையின் கையாலேயே மண்ணுருவமாகி எதிரே உட்கார்ந்துவிட்டால், அதைத் திருப்பி வைக்கலாம், உடைக்கலாம், அதற்கு ஒரு வாலும் ஒட்டலாம்.

யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் அதே போர்க்காலத்தில், ஊரின் சடங்குகளையும் கலைகளையும் சிகிச்சையின் பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிவந்தார். நாடகக் கலைஞர் சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாட்டுக் குழு நாடகத்தை மனக்காயத்துக்கு மருந்தாகக் கையாண்டது. தமிழ் மண்ணுக்கு வெளியே, நோயாளிகள் கையில் தூரிகை கொடுத்துப் பார்த்தவர்களில் முன்னோடி, பிரேசில் நாட்டு மனநல மருத்துவர் நீசே த சில்வெய்ரா. மின்னதிர்ச்சி சிகிச்சையை ஏற்காத அவர், 1946-இல் மருத்துவமனைக்குள்ளேயே ஓர் ஓவியக் கூடம் திறந்தார். அங்கே பிறந்த படங்களுக்கென 1952-இல் ஓர் அருங்காட்சியகமே அமைந்தது. கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு குறித்து 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஆகவே இது பொழுதுபோக்கு யோசனை என்று தள்ளிவிட முடியாது.

இதையெல்லாம் பொதட்டூர்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு ஏன் பேச வேண்டும்? பேச வேண்டிய ஊர் இதுதான் என்று நினைக்கிறேன். ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர். விசைத்தறி ஓடும் தெருவில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. அந்த இரைச்சலில் மனசில் கிடப்பதை எப்படிச் சொல்வது? வாங்கிய முன்பணம், நூல் விலை, பிள்ளையின் படிப்பு எல்லாம் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். போதாததற்கு இது தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வட்டாரம். வீட்டில் தெலுங்கில் அழுதவர் ஆஸ்பத்திரியில் தமிழில் நோயைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்துக்கு ஒரு கொடுப்பினையும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா வந்தால் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசன்று குழந்தை வேண்டும் பெண்கள் தபசு மரத்தைச் சுற்றிக் காத்திருப்பார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் ஊர் நடுவே மல்லாந்து கிடப்பான். முறத்தால், துடைப்பத்தால் அடி விழும், ஒப்பாரி எழும், திரௌபதி கூந்தல் முடிப்பாள், மாலையில் தீமிதி. ஓர் ஊரே சேர்ந்து காணும் கனவு என்றுதான் இதைச் சொல்லத் தோன்றுகிறது. அவமானமும் ஆத்திரமும் அன்று எல்லார் முன்னிலையிலும் இறங்கிவிடுகின்றன. அன்று அழுது அடிக்கும் பெண்ணை யாரும் பைத்தியம் என்பதில்லை. குறை ஒன்றுதான்: திரௌபதியின் கதைக்கு மேடை இருக்கிறது, அடுத்த வீட்டு அக்காவின் கதைக்கு இல்லை. கூத்து முடிந்தால் அடுத்த ஆண்டுதான்.

தனியாள் கனவுக்கும் ஒரு சபை கூட்டலாம் என்று காட்டியவர் நியூயார்க் மனநல மருத்துவர் மாண்டேகு உல்மன். 1970-களில் சுவீடனிலும் அமெரிக்காவிலும் அவர் சாதாரண மக்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்தார். ஒருவர் தன் கனவைச் சொல்வார். மற்றவர்கள் விளங்காததை மட்டும் கேட்கலாம். பிறகு ஒவ்வொருவரும், அது தன் கனவாக இருந்தால் தனக்கு என்ன தோன்றும் என்று தன்னைப் பற்றிப் பேச வேண்டும். ‘உன் கனவுக்கு இதுதான் அர்த்தம்’ என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. போதும் என்று நிறுத்தும் உரிமை எந்நேரமும் கனவு கண்டவருக்கே. தேவந்திக்கு இந்த விதி தெரிந்திருந்தால், தன் பிரிவின் வலியையும் அவள் அன்று கொஞ்சம் சொல்லியிருப்பாள். கண்ணகியும் இன்னும் நாலு வார்த்தை பேசியிருக்கக்கூடும்.

கெட்ட கனவை எழுதி, விரும்பியபடி மாற்றி, பகலில் அதை மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சிக்கும் ஆய்வுச் சான்று இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் பேரி கிராகோவ் குழுவினர் நடத்திய அந்த ஆய்வு 2001-இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது.

எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். காதில் குரல் கேட்கிறவர், நாள்கணக்கில் தூங்காதவர், சாக நினைக்கிறவர் இவர்களுக்கு வண்ணப் பென்சில் போதாது, மருத்துவர் வேண்டும், பலருக்கு மாத்திரையும் வேண்டும். கலை மாத்திரைக்குப் பக்கத்தில் உட்காரலாம், அதன் இடத்தில் உட்காரக் கூடாது. 2015-16-இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவில்லை. ‘மனநல மருத்துவர்’ என்ற பலகையைக் கண்டாலே ஊர் என்ன சொல்லுமோ என்று ஒதுங்குகிறவர்கள், படம் வரையக் கூப்பிட்டால் வரலாம். வந்தவர்களில் யாருக்கு மருத்துவர் தேவை என்று அப்போதே கண்டுகொள்ளவும் முடியும். வரையவும் கனவைச் சொல்லவும் ஓர் இடம் நம் ஊரில் அமைந்தால், எனக்கு அதில் பெரிய பயனாகத் தெரிவது இதுதான்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். பள்ளி வகுப்பறையோ நூலகத்தின் ஒரு மூலையோ போதும். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து உட்கார்ந்தால், நூல் சுற்றும் பெண்களும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள். சாயமும் கழிவு நூலும் இந்த ஊருக்குப் புதிதில்லை, ஓவியத் தாள் மட்டும் வாங்க வேண்டும். பேரூராட்சி உறுப்பினர்களும் தலைமை ஆசிரியர்களும் மாவட்ட நிர்வாகத்திடம் இதை எழுதிக் கேட்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு டெலி மானஸ் இருக்கிறது. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய இந்த அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம்.