வெளிக்குப் போகாததற்கு வயசு மட்டும் காரணமல்ல

கீழப்பாவூர்ப் பக்கம் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் ஆச்சிமாரிடம் உடம்புக்கு என்னவென்று கேட்டால் முட்டுவலியைச் சொல்வார்கள், சர்க்கரையைச் சொல்வார்கள். வெளிக்குப் போய் நாலு நாளானதை மட்டும் மருமகளிடம்கூடச் சொல்லமாட்டார்கள். துருவிக் கேட்டால், "வயசாச்சுல்லா" என்று முடித்துவிடுவார்கள்.

வயசுக்கும் பங்கு உண்டு. குடல் சுவருக்குள் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் இருக்கின்றன. சில தசையை இறுக்கும், சில தளர்த்தும். இரண்டும் இசைந்தால்தான் மலம் நகரும். முதுமையில் இறுக்கச் சொல்லும் செல்களே அதிகம் குறைவதாக, பெரும்பாலும் விலங்குகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. குடலசைவுக்குத் தாளம் போடும் கஹால் செல்கள் மனிதருக்குப் பத்தாண்டுக்குச் சுமார் 13 விழுக்காடு குறைவதாக 2011இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஆனாலும் எல்லா முதியவருக்கும் மலம் சிக்குவதில்லை. இரும்புச்சத்து மாத்திரை, சிலவகை ரத்த அழுத்த மாத்திரை, அரிப்புக்கான மாத்திரை, வீரியமான வலி மாத்திரை ஆகியவையும் குடலை மந்தமாக்கும். அடிக்கடி எழுந்து போக அலுத்துத் தண்ணீரைக் குறைப்பதும், நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பதும் சேர்ந்துகொள்ளும்.

நாள்கணக்கில் போகாதவருக்குத் திடீரெனத் தண்ணியாகக் கசிந்தால், பேதி என்று எண்ணி அதை நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். இறுகிய மலத்தின் ஓரமாக வழிவதாகவும் இருக்கலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, புதிதாக மாறிய மலப்பழக்கம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றும் பிரியாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பின் குடல் தானாக அசையும். அப்போது கழிப்பறைக்குப் போவது நல்லது. நாற்காலிபோன்ற கழிப்பறையில் காலுக்கடியில் குட்டைப் பலகை வையுங்கள். கீரை, பழம், தண்ணீர் உதவும். இதய, சிறுநீரக நோயாளிகள் தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்கவேண்டும்.

மருத்துவரிடம் போகத் தயங்கவேண்டாம். 60 வயது நிறைந்தவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் தனி வரிசை வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். சிகிச்சைச் செலவும் பராமரிப்பில் அடக்கம். பிள்ளைகள் கைவிட்டால் அந்தச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வழி கேட்க முதியோர் உதவி எண் 14567.

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வரும்போது மலச்சிக்கலையும் சொல்லுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகையில் சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம். கூச்சத்தை மட்டும் நிறுத்துங்கள்.