இரத்தக்குழாய் அழற்சி: நோயின் போக்கை எவ்வாறு கணிக்கிறோம்?

உடலின் நோய் எதிர்ப்பாற்றலே சிறிய, நடுத்தர இரத்தக்குழாய்களைத் தாக்குவதை 'வாஸ்குலைட்டிஸ்' என்கிறோம். "இதிலிருந்து மீள முடியுமா?" என்பதே குடும்பத்தினரின் முதல் கேள்வி. விடை காண 'ஐந்து காரணி மதிப்பெண்' உதவுகிறது. பிரெஞ்சு மருத்துவர்கள் 1996-இல் உருவாக்கிப் பின்னர் திருத்தியமைத்த முறை இது.

65 வயதைக் கடந்திருத்தல், சிறுநீரகச் செயல்குறைவு, இதயச் செயல்குறைவு, குடல் பாதிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ஐந்தாவது காரணி வியப்பளிக்கலாம்: இந்நோயின் சில வகைகளில் காது, மூக்கு, தொண்டைப் பாதிப்பு இருப்பது நல்ல அறிகுறி, இல்லையெனில் ஒரு மதிப்பெண் கூடும்.

அவர்கள் ஆராய்ந்த நோயாளிகளுள், மதிப்பெண் சுழியமாக இருந்தோரில் ஐந்தாண்டுகளுக்குள் இறந்தவர்கள் சுமார் 9 விழுக்காடு. ஒன்று எனில் 21. இரண்டு அல்லது அதற்கு மேல் எனில் 40. இவை பலரின் சராசரி. தனியொருவரின் தலையெழுத்து அன்று. எவருக்கு வலுவான சிகிச்சை விரைந்து தேவை என்பதை அறியவே இக்கணக்கைப் பயன்படுத்துகிறோம்.

முதலாண்டில் நோயைவிடத் தொற்றே பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தாகிறது. மருந்துகள் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதே காரணம். ஆகவே காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.