கடல்மீன் தொட்டி: மீன் விடுமுன் ஒரு மாதம் பொறுங்கள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரக் கிராமம் ஒன்றுக்கு முண்டு மிளகாய் சாகுபடிப் பயிற்சிக்காகச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒரு விவசாயி, "ஐயா, வீடு வரைக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்" என்று அழைத்தார். இலைச் சுருட்டு கண்ட செடிகளைக் காட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் காட்டியது திண்ணையில் இருந்த ஒரு கண்ணாடித் தொட்டி. தண்ணீர் பளிங்கு போல் இருந்தது. மீன் ஒன்றுகூட இல்லை.

மிளகாய் விற்ற பணத்தில் தொட்டியும் ஆறு கோமாளி மீன்களும் வாங்கியிருக்கிறார். கடலிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி, அன்று மாலையே மீன்களை விட்டிருக்கிறார். நான்காம் நாள் ஆறும் செத்து மிதந்தன. நோய்ப்பட்ட மீனைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார் என்பது அவருடைய எண்ணம். அந்தத் தண்ணீரை ஒரு புட்டியில் எடுத்து வந்து சோதித்தேன். அம்மோனியா மிகுதியாக இருந்தது.

யூரியா இட்டுப் பழகிய விவசாயிக்கு இது விளங்காத விஷயமல்ல. மண்ணில் இட்ட யூரியா முதலில் அம்மோனியாவாகிறது. மண்ணிலுள்ள ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. வேறு வகை அதை நைட்ரேட் ஆக்குகின்றன. தொட்டியிலும் நடப்பது இதுவே. மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட இரையும் அழுகி அம்மோனியாவாகிறது. மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் போதிய அளவு இருப்பதில்லை. ஆகவே மீன் தன் கழிவிலேயே நஞ்சுண்டு சாகிறது. களர் நிலத்தில் யூரியா இட்டால் அம்மோனியா ஆவியாகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கடல்நீரும் காரத்தன்மை உடையது. காரம் கூடக்கூட அம்மோனியாவில் நஞ்சான பங்கும் கூடும். அதனால்தான் நன்னீர்த் தொட்டியில் தப்பிவிடும் தவறு, கடல்நீர்த் தொட்டியில் மீனைக் கொன்றுவிடுகிறது.

தொட்டியும் தண்ணீரும்

சிறிய தொட்டி பராமரிக்க எளிது என்று பலரும் எண்ணுகிறார்கள். குட்டை வற்றுமுன் குடம் வற்றிவிடும் அல்லவா? தண்ணீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் விரைவாக ஏறி இறங்கும். முதன்முதலாக வைப்பவர் இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்துக்குக் குறையாமல் வைப்பது நல்லது. மணலுக்கும் மேல் இடைவெளிக்கும் போக இதில் சுமார் 70 லிட்டர் தண்ணீர் நிற்கும். நிரப்பிய பின் எடை 100 கிலோவைத் தாண்டும். ஆட்டம் காணாத மேடை அவசியம். நேர் வெயில் படக்கூடாது.

கடல்நீர் எடுப்பவர்கள் ஆற்று முகத்துவாரத்தையும் இறால் பண்ணைக் கழிவு கலக்கும் இடத்தையும் தவிர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் கரையோர நீரில் உப்பு குறைந்திருக்கும். அப்போது எடுக்க வேண்டாம். எடுத்த நீரைத் துணியில் வடிகட்டி, மூடிய பிளாஸ்டிக் பீப்பாயில் இருட்டில் பத்து நாள் வைத்திருந்து, தெளிந்த மேல் நீரை மட்டும் பயன்படுத்தவும். கடலுக்குத் தொலைவில் இருப்பவர்கள், மீன் தொட்டிக்கென விற்கும் கடல் உப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைத்துக்கொள்ளலாம். உப்பளத்து உப்பு உதவாது. உப்பு உறைந்த பின் வடித்துவிடும் கசப்பு நீரோடு மெக்னீசியம் முதலிய சத்துக்கள் போய்விடுகின்றன. ஹைட்ரோமீட்டர் என்னும் அடர்த்திமானியில் 1.022 முதல் 1.025க்குள் இருக்க வேண்டும். வெப்பம் 25 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரை ஏற்றது.

விவசாயிகளுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். பூச்சிமருந்து கலக்கிய வாளியும், போர்டோ கலவை தயாரித்த பாத்திரமும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் மிகச் சிறு அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொல்லும். மருந்து தெளித்துவிட்டு வந்த அன்று தொட்டிக்குள் கையை விடாதீர்கள். இரும்பு வாளியும் துத்தநாகம் பூசிய வாளியும் ஆகா.

ஒரு மாதக் காத்திருப்பு

அடியில் நன்கு கழுவிய கிளிஞ்சல் துண்டுகளை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பவும். பவளக் கற்களைக் கடலிலிருந்து எடுத்து வந்து வைப்பது குற்றம். பவளமும் கடற்குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வலையில் தற்செயலாக வந்தது என்று சொல்லித் தந்தாலும் வாங்க வேண்டாம்.

காற்றுப் பம்பையும் பஞ்சு வடிகட்டியையும் ஓடவிட்டு, கட்டைவிரல் நுனி அளவு இறால் சதையைத் தொட்டியில் போட்டுவிடுங்கள். அது அழுகட்டும். சில நாட்களில் அம்மோனியா ஏறும். பின்பு அது இறங்கி நைட்ரைட் ஏறும். கடைசியில் அதுவும் இறங்கும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சிறிதளவு நீரில் சொட்டு மருந்து விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு இவற்றை அளக்கலாம். கடல்நீருக்கும் பொருந்தும் மருந்துதானா என்று கேட்டு வாங்கவும். இரண்டும் இல்லை என்று காட்டினால்தான் தொட்டி பக்குவமாயிற்று. அப்போது பாதி நீரை மாற்றிவிட்டு மீன் விடலாம். நோயற்ற கடல்நீர்த் தொட்டி யாரிடமாவது பல நாளாக ஓடிக்கொண்டிருந்தால், அதிலிருந்து ஒரு கைப்பிடி கிளிஞ்சலோ பழைய பஞ்சோ கேட்டு வாங்கிப் போடுங்கள். பாலுக்கு உறைமோர் விட்டது போல் வேலை விரைவாகும்.

ஆளில்லாத வீட்டுக்கு விளக்கேற்றுவது போல, மீனில்லாத தொட்டிக்கு ஒரு மாதம் கரண்டு செலவா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

மீன் விட்ட பின்

முதலில் ஒரு ஜோடி கோமாளி மீன் போதும். பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளையே கேட்டு வாங்குங்கள். அவை தொட்டிக்கும் கைத்தீனிக்கும் பழகியவை. கடலில் இவை கடற்சாமந்தியோடு வாழ்ந்தாலும் தொட்டியில் அது இல்லாமலே நன்றாக இருக்கும்; புதியவர்களிடம் கடற்சாமந்தி பிழைப்பது அரிது. மீன் வந்த பையைத் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பின்பு சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையில் எடுத்து விடவும்.

பொடியாக நறுக்கிய இறால் சதையை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, காலையும் மாலையும் கொடுத்தால் போதும். குழந்தைகள் பிஸ்கட்டும் சோறும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. 70 லிட்டரில் 7 லிட்டர் வற்றினால், லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு சுமார் 39 ஆகிவிடும். ஆகவே வற்றிய அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும்; கடல்நீரை ஊற்றினால் உப்பளம் ஆகிவிடும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு தினமும் அது வரை நிரப்புங்கள். குழாய் நீரானால் ஒரு நாள் முன்பே பிடித்து, காற்றுப் பம்பை ஓடவிட்டு வைத்தால் குளோரின் நீங்கும். வாரம் ஒருமுறை 7 லிட்டர் நீரை வெளியேற்றி, அதே உப்பளவுள்ள கடல்நீரைச் சேர்க்கவும். வடிகட்டிப் பஞ்சை அந்தக் கழிவு நீரிலேயே அலசுங்கள். நான் முதன்முதலில் தொட்டி வைத்தபோது, சுத்தம் என்று எண்ணி அதைக் குழாயடியில் கசக்கிப் பிழிந்தேன். ஒரு மாதமாக வளர்ந்த நுண்ணுயிர்கள் சாக்கடையில் போயின. அடுத்த வாரம் மீன்களும் போயின.

மின்வெட்டு நேரத்துக்குப் பாட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். இல்லையேல் ஒரு குவளையால் தொட்டி நீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டிருக்கலாம்.

வருமானம் வருமா என்பதுதான் பலருடைய கேள்வி. முதல் ஆண்டு கற்றுக்கொள்ளும் ஆண்டு. இதற்காகக் கடன் வாங்காதீர்கள், நகையை வைக்காதீர்கள். ஒரு ஜோடி ஓராண்டு நோயின்றி இருந்து முட்டையிட்டால் அடுத்த படியை யோசிக்கலாம். குஞ்சு பொரிக்க ஒரு வாரம் போலாகும். அவற்றுக்கு ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய உயிரியை இரையாக வளர்த்துத் தர வேண்டும். அது தனி வித்தை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியில் தேர்ந்தது. பயிற்சி பற்றி அங்கே விசாரிக்கலாம்.

அந்த விவசாயி தொட்டியைத் தேய்த்துக் கழுவப்போனார், நான் தடுத்துவிட்டேன். செத்த மீன்களால் ஏறிய அம்மோனியாவே நுண்ணுயிர்களுக்கு முதல் இரை. மீன் இல்லாமல் பம்பை மட்டும் ஓடவிடச் சொன்னேன். முப்பத்தெட்டாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, சொட்டு மருந்து நிறம் மாறவில்லை என்றார். இரண்டு மீன் மட்டும் வாங்கச் சொன்னேன்.