ஈயத்தலைத் தூண்டிலுக்கு அச்சுத் தெரிவு செய்தல்

அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்போரிடையே பெரிதும் வழங்கும் ஈயத்தலைத் தூண்டில், நமது களப்புகளில் கொடுவா மீனுக்கும் ஏற்றது. தூண்டில் முள்ளின் கழுத்தில் வார்த்த ஈயத் தலையும், முள்ளில் கோர்த்த இறப்பர் மீனுமே இதன் பாகங்கள். கல்லிலோ கண்டல் வேரிலோ சிக்கினால் இது அறுந்து போய்விடும். கடையில் வாங்கி இழப்பதைவிட வீட்டிலேயே வார்த்துக்கொண்டால் செலவு குறையும் என்று நாம் எண்ணுவது இயல்பே. ஆனால் அச்சைத் தெரிவு செய்யுமுன் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும்.

முதலில் தலையின் வடிவம். உருண்டைத் தலை எவ்விடத்துக்கும் பொதுவானது. குறுக்கே நீண்ட முட்டை வடிவத் தலை கற்கள் நிறைந்த அடித்தளத்தில் சாயாமல் உருண்டு வரும். பாசியும் செடியும் மிகுந்த இடத்துக்குக் கூர்மையான தலை வேண்டும். அதில் நூல் கட்டும் வளையம் நுனிக்கு அண்மையில் முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் பாசி சிக்குவது குறையும்.

அடுத்தது நிறை. ஆழமற்ற, அமைதியான நீருக்கு 3 முதல் 7 கிராம் போதும். நீரோட்டமும் ஆழமும் உள்ள இடத்துக்கு 10 முதல் 14 கிராம் தேவைப்படும். ஆகவே ஒரே அளவுள்ள பத்துக் குழிகளைவிட, மூன்று நான்கு அளவுகள் கொண்ட அச்சே பயன் மிக்கது.

மூன்றாவது, முள் பொருந்துதல். நீங்கள் வழமையாக வாங்கும் முள்ளை அச்சினுள் வைத்து மூடிப் பாருங்கள். பின்னர் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரு பாதிகளுக்கும் இடையே ஒளி தெரிந்தால் ஈயம் கசிந்து ஓரங்களில் தகடாகப் படியும்.

நான்காவது, அச்சின் பொருள். மர அச்சு சில வார்ப்புகளிலேயே கருகிவிடும். சாந்து அச்சு மலிவானது. ஆனால் ஈரலிப்பைப் பிடித்து வைத்திருக்கும். ஈயம் உருகுவது 327 பாகை செல்சியசில். ஒரு துளி நீர் அதனுள் அகப்பட்டால் நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் வீசியடிக்கும். அலுமினிய அச்சு நீடித்து உழைக்கும். எனினும் அதையும் நன்கு உலர்த்திச் சூடாக்கிய பின்னரே ஊற்ற வேண்டும். மெழுகுதிரிப் புகையைக் குழிகளில் படியவிட்டால் ஈயம் நுனிவரை ஓடும். உருக்குவதற்கு இரும்புச் சட்டியையே பாவியுங்கள். அலுமினியச் சட்டி நெருப்பில் பலம் இழந்துவிடும்.

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. ஈயம் நஞ்சு. குழந்தையின் உடலில் அது எவ்வளவு சிறிய அளவில் சேர்ந்தாலும் பாதுகாப்பானது என்று கூற முடியாது. அது மூளையின் வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணியின் உடலிலிருந்து கருவிலுள்ள சிசுவுக்கும் செல்லும். செனகல் நாட்டின் தலைநகரான டாக்கருக்கு அருகே, பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் எடுத்த ஒரு குடியிருப்பில் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 பிள்ளைகள் இறந்தனர். ஆகவே பழைய பற்றரியை ஒருபோதும் உடைத்து உருக்காதீர்கள்.

குசினியிலும் கிணற்றடியிலும் ஈயம் உருக்கலாகாது. பிள்ளைகள் இல்லாத வெளியிடத்தில், காற்று உங்கள் முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்று, கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிந்து வேலை செய்யுங்கள். சட்டி செந்நிறமாகும்வரை சூடேற்றாதீர்கள். சூடு ஏற ஏற நச்சுப் புகையும் கூடும். உருக்கிய சட்டியில் மீண்டும் சமைக்கக் கூடாது. உடுப்பைத் தனியே துவைத்து, சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள். ஈயத் துண்டைப் பல்லால் கடிப்பதையும் கைவிட வேண்டும்.

வெள்ளீயம் இதற்கு நல்ல மாற்று. 232 பாகையில் உருகும். அதே அச்சிலும் வார்க்கலாம். விலை கூடியது, நிறையோ ஈயத்தின் மூன்றில் இரண்டு பங்குதான். 14 கிராம் குழியில் சுமார் 9 கிராம் தலையே கிடைக்கும். எனவே ஒரு படி பெரிய அச்சைத் தெரிவு செய்யுங்கள்.

தூண்டிற் செலவில் மிச்சம் பிடிப்பது நல்லதே. அந்த மிச்சம் நம் பிள்ளைகளின் அறிவை விலையாகக் கொடுத்துப் பெறுவதாக இருக்கக் கூடாது.