சுழியோடியின் பயணப் பெட்டி

முன்னாளில் மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் ஒரு கல்லின் துணைகொண்டே ஆழத்திற்கு இறங்கினர். அடித்தளம் சேர்ந்ததும் கல்லை விட்டுவிடுவர். படகில் நின்ற துணையாள் அதனைக் கயிற்றினால் மேலே இழுத்துக்கொள்வான். பாரம் சுழியோடிக்கு வேண்டியதே. ஆயினும் அதனை அவன் எங்கும் சுமந்து திரியவேண்டியதில்லை.

காற்றுச் சிலிண்டரை முதுகிற் கட்டிக்கொண்டு இக்காலத்தில் நீரில் இறங்குவோருக்கும் இது பொருந்தும். மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடல் பெரும்பாலும் அமைதியுற்றிருக்கும். அப்போது விமானமேறி வருவோர் பலருக்கு 20 முதல் 30 கிலோகிராம் வரையே பொதி அனுமதிக்கப்படுகிறது. சாதாரண அலுமினியச் சிலிண்டர் ஒன்றே வெறுமையாக 14 கிலோ நிறையுடையது. காற்றடைத்த சிலிண்டரை விமானத்தில் ஏற்றவும் விடமாட்டார்கள். ஆதலால் சிலிண்டரையும் ஈயக்கட்டிகளையும் சென்ற இடத்தில் வாடகைக்குப் பெறுவதே வழக்கம்.

அடுத்துக் குறைக்கத்தக்கது உடை. நம் கடலின் வெதுவெதுப்புக்கு 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள றப்பர் உடை பெரும்பாலோருக்குப் போதும். தடித்த உடை பெட்டியை நிரப்புவதோடு, நீரில் மிதந்து, தன்னை அமிழ்த்த மேலும் ஈயம் கேட்கும். நீண்ட காற்றுடுப்புகளுக்குப் பதிலாகக் குறுகியவற்றை எடுத்துச் செல்லலாம்; பலத்த நீரோட்டத்தில் மட்டுமே அவற்றின் குறை தெரியும்.

முதுகுத் தகட்டைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். உருக்குத் தகடு சுமார் 2.7 கிலோ, அலுமினியத் தகடு ஏறத்தாழ 1 கிலோ. பெட்டியில் மீந்த அந்த நிறையைக் கடல் ஈயமாகத் திரும்பக் கேட்கும். கேட்டதைக் கொடாதவன் முதலில் எதையும் உணரான். நிறைந்த சிலிண்டரிலுள்ள காற்று மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேற்பட்டது. அது மூச்சாகக் குறையக் குறையச் சிலிண்டர் மிதக்கத் தொடங்கும். மேலேறுமுன் 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தரித்து நிற்கவேண்டிய வேளையில், பாரம் போதாதவன் தன்னையறியாமலே மேலே தள்ளப்படுவான். விரைந்த ஏற்றத்தினால் நுரையீரல் சிதையலாம். குருதியில் வாயுக்குமிழிகள் தோன்றலாம். எனவே தகடோ உடையோ மாறினால், முதல் நாளிலேயே கரையோர நீரிற் பாரத்தைப் புதிதாகச் சோதித்தல் வேண்டும்.

முகக்கண்ணாடி, சுவாசச் சீராக்கி, ஆழமும் நேரமும் காட்டும் கைக்கணினி ஆகியவற்றைக் கைவிடுவது சிக்கனமாகாது. இரவற் கண்ணாடி முகத்திற் பொருந்தாது நீர் கசியும். இம்மூன்றையும் கைப்பையிற் கொண்டுசெல்லலே நன்று. மின்விளக்குக்குரிய உதிரி லிதியம் மின்கலங்களும் கைப்பையிலேயே இருத்தல் வேண்டும். கத்தியோ ஒப்படைக்கும் பெட்டிக்குரியது.

திரும்பும்போது பெட்டி கனப்பதைப் பலர் கண்டு வியப்பர். ஈரம் ஊறிய உடையே அதன் காரணம். பல நாள் சுழியோடியவர் கடைசி முறைக்குப்பின் குறைந்தது 18 மணி நேரம் விமானமேறலாகாது என்பது மருத்துவ அறிவுரை. விமான அறையின் காற்றழுத்தம் நுவரெலியா போன்ற உயரத்தினதையோ அதனினும் சற்று மேற்பட்ட உயரத்தினதையோ ஒத்தது. உடலிற் கரைந்திருக்கும் நைதரசன் அங்கே குமிழியாகலாம். அந்த ஓய்வுப் பொழுதில் உடையை நன்னீரில் அலசி, வெயில் படாது நிழலில் காயவிட்டால், வந்தபோதிருந்த நிறையோடே பெட்டி வீடு திரும்பும்.