சாலைக் குழிக்கு நெகிழிக் கழிவு தீர்வாகுமா? மதுரை காட்டிய வழியும் நம் கட்டிப்பாலும்

ஸ்ரீ கெம்பாங்கான் – சாலையில் விழும் குழி, காரில் போகிறவருக்கு ஒரு குலுக்கல்தான். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கோ அது உயிர்ப் பிரச்சினை. மழைநீர் தேங்கிவிட்டால் குழியின் ஆழமும் தெரியாது.

தார்ச் சாலைக்கு முதல் எதிரி தண்ணீர். கல்லுக்கும் தாருக்கும் இடையே நீர் புகுந்தால் பிடிப்பு விட்டுவிடும். அதன்மீது லோரிகள் ஓட ஓடக் கற்கள் பெயர்ந்து குழியாகும்.

இதற்குக் குப்பையிலிருந்தே ஒரு வழி கண்டவர், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். அவருடைய முறையில் 2002-ஆம் ஆண்டிலேயே சென்னை ஜம்புலிங்கம் தெருவில் சாலை போடப்பட்டது. 2018-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

செய்முறை எளிது. ஜல்லிக் கற்களை ஏறக்குறைய 170 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். பொடியாக நறுக்கிய நெகிழிப் பைகளை அதன்மேல் தூவுகிறார்கள். நெகிழி எரியாமல் உருகி, ஒவ்வொரு கல்லின்மீதும் மெல்லிய பூச்சாகப் படிகிறது. பிறகுதான் சூடான தார் சேர்க்கப்படுகிறது. கல்லின் நுண்துளைகள் அடைபடுவதால் நீர் எளிதில் இறங்காது. தாரும் இறுகப் பற்றும். ஒரு வழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் நெகிழி பயன்படும். ஏறக்குறைய அதே அளவு தார் மிச்சமாகும்.

ஆனால், எல்லா நெகிழியும் இதற்கு ஆகாது. பி.வி.சி. குழாய் போன்றவற்றைச் சூடாக்கினால் நச்சு வாயு வெளியேறும். மண்ணும் உணவும் ஒட்டிய பைகளைக் கழுவிக் காயவைக்க வேண்டும். சாலை தேயும்போது நெகிழித் துகள்கள் கால்வாயில் கலக்குமா என்பதையும் ஆய்வாளர்கள் கவனித்து வருகிறார்கள்.

தொழிற்சாலைக் கழிவுக்கும் சாலையில் இடமுண்டு. இந்தியாவின் சூரத் நகருக்கு அருகே ஹசிராவில், எஃகு ஆலைக் கசடைப் பதப்படுத்தி ஜல்லிக்குப் பதிலாகப் பயன்படுத்திய சாலை 2022-இல் திறக்கப்பட்டது.

மலேசியாவில் நடந்த முயற்சி தோட்டப்புற மக்களுக்கு இன்னும் நெருக்கமானது. மங்கில் உறைந்துபோகும் கட்டிப்பாலைத் தாருடன் கலக்கும் முறையை மலேசிய ரப்பர் வாரியமும் பொதுப்பணித் துறையும் சேர்ந்து சோதித்து, சாலைகளில் பயன்படுத்தியுள்ளன. கட்டிப்பால் கழிவல்ல, ஆனாலும் விலை மலிந்த காலத்தில் அதற்கு இது இன்னொரு சந்தை. ரப்பர் சேர்ந்த தார் வெயிலில் எளிதில் இளகாது, பாரத்தில் விரிசல் விடுவதும் குறையும். சாதாரணத் தாரைவிடச் செலவு கூடுதல். நீடித்து உழைத்தால் அந்தச் செலவு ஈடாகும்.

எந்தக் கலவையும் மந்திரமல்ல. ஓரத்துக் கால்வாய் அடைத்திருந்தாலோ, குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை அவசரமாக மூடினாலோ எந்தச் சாலையும் தாங்காது. ஆகவே, நம் வட்டாரத்தில் சாலை சீரமைக்கப்படும்போது என்ன கலவை, எத்தனை ஆண்டு உத்தரவாதம், நீர் வடிய வழி உண்டா என்ற மூன்று கேள்விகளையும் குடியிருப்பாளர்கள் கேட்கலாம்.