வாத்தியார் கடிதத்தில் என்ன இருக்கு? ஒரு ‘டிக்’ போட்டால் பார்க்கிற உரிமை போச்சு!

அமெரிக்க கல்லூரிகள் பலவற்றில் சேர மார்க்கு மட்டும் போதாது. பள்ளி ஆசிரியர் சிபாரிசு கடிதம் தரவேண்டும். (மந்திரி வீட்டு சிபாரிசு அல்ல. பையன் எப்படிப்பட்டவன் என்று வாத்தியார் எழுதும் சான்று.) கடிதம் பையன் கைக்கு வராது. நேரே கல்லூரிக்குப் போய்விடும்.

உள்ளே புகழ்ந்திருக்கிறாரா, போட்டுக் கொடுத்திருக்கிறாரா? அதுதான் தெரியாது!

பக்லி சட்டம்

செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொண்டுவந்த சட்டத்தில் ஜனாதிபதி ஃபோர்டு 1974 ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டார். அதன்படி, கல்லூரி மாணவர் தன்னைப் பற்றிய பதிவேட்டைக் கேட்டால் 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும்.

கல்லூரிகள் அலறின. "ரகசியம் என்று நம்பி எழுதிக் கொடுத்ததை இப்போ எப்படிக் காட்டுவது?" என்பது அவர்கள் கேள்வி. அந்த வருடம் முடிவதற்குள் சட்டம் திருத்தப்பட்டது. 1975 ஜனவரி 1-க்கு முன் ரகசியமாகத் தரப்பட்ட கடிதங்களைக் காட்டவேண்டாம். அதற்குப் பிறகு வந்ததை, "எனக்கு வேண்டாம்" என்று மாணவரே எழுதிக் கொடுக்கலாம்.

கட்டாயமா?

இல்லை. எழுதிக் கொடுத்தால்தான் இடம் என்று கல்லூரி நிபந்தனை போடக்கூடாது. ஆனால் உரிமையை விடாவிட்டால், "இது பையனுக்குப் பயந்து எழுதிய கடிதம்" என்று கல்லூரி நினைத்துவிடுமாம். ஆலோசகர்களே இப்படிச் சொல்லும்போது பதினேழு வயசுப் பையன் என்ன செய்வான்? ‘டிக்’ போட்டுவிடுகிறான்.

இன்னொரு வேடிக்கை. இடம் கிடைக்காதவருக்கு அந்தக் கல்லூரியில் கேட்க உரிமையே கிடையாது. சேர்ந்து படிப்பவருக்குத்தான் சட்டம். ஏன் தள்ளினார்கள் என்று தெரியவேண்டியவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான்!

கிளம்பியது பூதம்

2015 ஜனவரியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர் செய்தி மடல் ‘ஃபவுண்டன் ஹாப்பர்’, சேர்க்கைக் கோப்பைக் கேட்டு வாங்கும் வழியை வெளியிட்டது. மனுக்கள் குவிந்தன. அதிகாரிகள் போட்ட மதிப்பெண், எழுதிய குறிப்பு எல்லாம் வெளிவந்தது. உரிமையை விட்டவர்களுக்கு ஆசிரியர் கடிதம் மட்டும் கிடைக்கவில்லை.

அதே வருடம் யேல் சட்டக் கல்லூரி, சேர்க்கைக் குறிப்புகளை அழித்துவிட்டது. யாரும் கேட்காத வரை, பத்திரப்படுத்தி வை என்று சட்டம் சொல்லவில்லையே!

நம்ம ஊர்ப் பிள்ளைகளும் அங்கே மனுப் போடுகிறார்கள். படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கும். அதில் உரிமையை விட்டவருக்கும் ஒன்று மிச்சம் உண்டு: கடிதம் கொடுத்தவர்கள் யார் யார் என்று கேட்டால், பெயரைச் சொல்லியாக வேண்டும்.